திரும்பி வந்தவர்களின் கணக்கு: முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்டங்கள்தோறும் இயங்கிவரும் முன்னாள் படைவீரர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. என் தந்தை காலாட்படையில் 17 ஆண்டுகள் பணியாற்றி, 1995இல் ஹவில்தாராக ஊர் திரும்பியவர். அந்த 17 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் இந்திய அமைதி காக்கும் படையில் இலங்கையில் இருந்தார். 2016இல் காலமானார். அன்று உங்களில் சிலர் எங்கள் ஊருக்கு வந்து, வரிசையாக நின்று, மலர் வளையம் வைத்து வணங்கினீர்கள். அதற்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. இந்த மடலை அமைச்சகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது படிக்கும்போது தானே விளங்கும்.

எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய ஊர்கள் பல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். இத்தகைய ஊர்கள் சிலவற்றில், முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்கார அரசு பதித்த கல்வெட்டு இன்றும் சுவரில் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற இரண்டே செய்திகள்தாம் அதில் உண்டு. மாணவர்களை அழைத்துச் சென்று அதைக் காட்டும்போதெல்லாம், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை யாராவது முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துவிட்டு, "அப்படின்னா மீதிப் பேரு நல்லபடியா வந்துட்டாங்களா மிஸ்?" என்று கேட்கும். கழித்தல் சரிதான். "நல்லபடியா" என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் விடை தெரிந்தும் என்னால் வகுப்பில் சொல்ல முடிவதில்லை.

அப்பாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பட்டாளத்துக்காரர்கள் தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பதறுவார்கள் என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. அப்பா பதறியதில்லை, எங்களுக்குச் சரவெடி கொளுத்திக் காட்டியவரே அவர்தான். அவருக்கு ஆகாதது உழுத மண். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது, நிலக்கடலை போடுவோம். ஓய்வு பெற்று வந்த முதல் ஆடியில், ஏர் ஓட்டிப் புரட்டிப் போட்ட நிலத்தின் விளிம்பில் வந்து நின்றவர், ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் வரப்பிலேயே நின்றுவிட்டார். சித்தப்பா உள்ளே நின்று கூப்பிடக் கூப்பிட, அவர் கையிலிருந்த குச்சியால் முன்னாலுள்ள மண்ணை மெல்லக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெயிலிலும் அவருக்குச் சட்டை நனைந்தது வெயிலால் அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. மறு ஆண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். "சர்க்கார் சோறு தின்ன காலு சேத்துல எறங்குமா" என்று ஊரில் சிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அதன் அடியில் கண்ணிவெடி இருக்கும் என்று ஒன்றரை ஆண்டு நாள்தோறும் பழகிய கண்ணுக்கு, அது யாழ்ப்பாணத்து ஒழுங்கையா வேலூர்க் கடலைக்காடா என்று பிரித்துச் சொல்ல யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவருக்கு முன்னால் நடந்தவர் அப்படியொரு மண்ணில் கால் வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. தமிழ் தெரிந்தவர் என்பதற்காக அவரை வேறொரு பட்டாலியனோடு இணைத்து, சோதனைச் சாவடிகளிலும் வீட்டுச் சோதனைகளிலும் பேசுவதற்கு முன்னால் நிறுத்தினார்கள். மற்ற சிப்பாய்களுக்கு அந்த மக்களின் அழுகை வெறும் ஓசை; அப்பாவுக்கு அது சொல் சொல்லாகப் புரிந்தது. புரிந்ததை ஹிந்தியில் மாற்றிச் சொல்லும் வேலையும் அவருடையது. வயதான பெண்கள் அவரைத் "தம்பி" என்று கூப்பிட்டுத்தான் கெஞ்சியிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு, பேருந்தில் வெற்றிலைக் கூடையோடு ஏறும் கிழவி யாராவது, "தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொன்னால் போதும், அப்பா எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுவிடுவார். சில நாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தும் வந்துவிடுவார். அஞ்சிய மனம் ஒன்று, தன் அறத்துக்குப் பொருந்தாததைச் செய்யவோ பார்த்துக்கொண்டு நிற்கவோ நேர்ந்த மனம் வேறொன்று என்று இப்போது மருத்துவர்கள் பிரித்துப் பேசுகிறார்கள். இரண்டாவதை அறக்காயம் என்கிறார்கள். அப்பாவிடம் இரண்டும் இருந்தன. அந்தப் பெண்களின் காயம் இதைவிடப் பெரிது என்பதை நான் மறக்கவில்லை. அது வேறொரு மடலுக்கு, வேறொருவர் எழுத வேண்டிய மடலுக்கு உரியது.

அவருக்கு நாங்கள் என்ன செய்தோம்? குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்தோம். அங்கே அவர் நன்றாகத் தூங்கினார். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பழையபடி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி இரவைக் கழிக்கத் தொடங்கினார். பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை வந்தது. ஒரு பாலிகிளினிக்கில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மனநல மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, வரிசையில் நாற்பது பேர் நிற்க, அங்கிருந்த ஊழியர் ஒருவர், "மெண்டல் கேஸா?" என்று உரக்கக் கேட்டார். அப்பா அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அதற்குப் பின் அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. தவறாமல் மாதந்தோறும் கிடைத்துவந்த ஒரே மருந்து கேன்டீன் கோட்டா ரம். கோட்டாவைக் குறைக்கச் சொல்லி நான் இந்த மடலை எழுதவில்லை. யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் 20 ஆண்டுகள் ஒருவர் தூங்குவதற்கு அரசு வழங்கியது அது ஒன்றுதான் என்பதையும், அவருடைய இறப்புச் சான்றிதழில் ஈரல் என்று எழுதியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

போரின் காயங்களுக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. மார்பில் பட்டது விழுப்புண், அது பெருமை. முதுகில் பட்டது புறப்புண். அதற்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் போருக்குப் பின் வடக்கிருந்து உயிர் விட்டான். மார்பிலும் இல்லாமல் முதுகிலும் இல்லாமல் உள்ளே பட்ட புண்ணுக்கு நம் முன்னோர் தனிப்பெயர் வைக்கவில்லை. ஆயினும் அதற்குரிய பக்குவத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. புறநானூற்றில் அரிசில் கிழாரின் பாட்டொன்றில், புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் இரவ இலையும் வேப்பிலையும் செருகி, வெண்கடுகு தூவி, யாழும் குழலும் இசைத்து, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி, "காப்போம் வா தோழி" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள். மருந்து இருக்கட்டும்; அவள் அவனைத் தனியே விடவில்லை, தானும் தனியே நின்று காக்க முயலவில்லை. என் அம்மாவுக்கு அப்படிக் கூப்பிட ஒரு தோழி இல்லை.

இந்தப் புண்ணுக்குப் பெயர் வைத்த வரலாறே ஒரு தனிப் பாடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய வீரர்களின் படபடப்பையும் மூச்சுத் திணறலையும் பார்த்த டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் அதை இதயக் கோளாறாக எழுதிவைத்தார். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் பிரான்சில் காயம்பட்டு இங்கிலாந்தில் சிகிச்சை பெற்ற ஓர் இந்தியச் சிப்பாய், இது போர் அல்ல, உலகத்தின் முடிவு, மகாபாரதத்தில் சொன்னது போன்ற போர் என்று வீட்டுக்கு எழுதினார். தணிக்கை அதிகாரிகள் படியெடுத்து வைத்ததால் அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பிரிட்டிஷ் ராணுவம் அடுத்துச் செய்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. நடுங்கி வந்தவர்களை அது இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டு அருகில் வெடித்ததால் வந்த நடுக்கம் என்றால் 'டபிள்யூ', அதாவது காயம்; சீருடையில் அணியும் காயப் பட்டையும் ஓய்வூதியமும் உண்டு. குண்டு வெடித்ததற்குச் சான்று இல்லாத நடுக்கம் என்றால் 'எஸ்', அதாவது வெறும் நோய்; இரண்டும் இல்லை. 1917இல் 'ஷெல் ஷாக்' என்ற பெயரையே எழுதக் கூடாது என்று தடுத்து, 'இன்னும் கண்டறியப்படாதது, நரம்பு சார்ந்தது' என்று அட்டையில் குறிக்கச் சொன்னார்கள். பெயர் இல்லையென்றால் எண்ணிக்கை இல்லை, எண்ணிக்கை இல்லையென்றால் செலவும் இல்லை. அட்டையில் எழுத்து வாங்கியவர்களாவது உயிரோடு இருந்தார்கள். ஹாரி ஃபார் என்ற சிப்பாய் ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தவர். மறுபடி முன்னணிக்குப் போக முடியாது என்று நின்றதற்காக 1916 அக்டோபரில் கோழை என்று தீர்ப்பளித்து, சொந்தப் படையினரே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவரைப் போன்ற 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதைக் கேட்க அவருடைய மகள் உயிரோடு இருந்தார். அவருக்கு அப்போது வயது 93. ஒரு மகளாக அந்த எண்ணை நான் மறப்பதில்லை. இரண்டாம் உலகப் போரிலும் நிலை பெரிதாக மாறவில்லை. 1943இல் சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பாட்டன், உடம்பில் காயமின்றி மருத்துவமனைக் கூடாரத்தில் இருந்த இரண்டு சிப்பாய்களைக் கன்னத்தில் அறைந்தார். மேலிடம் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தது என்பது மட்டும் ஒரு முன்னேற்றம்.

'டபிள்யூ', 'எஸ்' என்ற அந்தப் பிரிவினை நூறாண்டுக்கு முந்தைய கதை என்று நாம் கடந்துபோக முடியாது. உங்களில் மெடிக்கல் போர்டு முன்னால் நின்றவர்களுக்கு, நோய் பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் தீவிரமானதும் அல்ல என்று எழுதி ஊன ஓய்வூதியத்தை மறுக்கும் அந்த வரி மனப்பாடமாக இருக்கும். கை போனால், கண் போனால் அந்த வரியோடு போராட ஓர் எக்ஸ்ரே உண்டு. மனம் போனால் என்ன காட்டுவது? 2013இல் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது குறிப்பேட்டில் எழுதப்படாத நோய் பின்னாளில் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல என்று ஒரு வலிப்பு நோய் வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆனால் 2019இல் மனச்சிதைவு நோய் பற்றிய ஒரு வழக்கில், அத்தகைய நோயைச் சேர்க்கையின்போது சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று கூறி, மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதாவது வலிப்புக்குக் கிடைத்த ஐயத்தின் பலன் மனத்துக்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

பணியில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் உங்களுக்கு விடை தெரியும். படைவீரரின் மருத்துவத் தகுதியை ஐந்து ஆங்கில எழுத்துகளில் குறிக்கும் ஷேப் வகைப்பாட்டில் முதல் எழுத்தான 'எஸ்' மனநிலையைக் குறிப்பது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண் இரண்டாக மாறினால் லோ மெடிக்கல், அதாவது தகுதி குறைந்தவர். அதன்பின் புரமோஷன் என்ன ஆகும், கூட இருப்பவர்கள் என்ன பேசுவார்கள் என்பதை ஒவ்வொரு சிப்பாயும் அறிவான். மூன்று குழந்தைகளும் கூரை வீடும் உள்ள ஒரு நாயக் அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்வாரா, தூக்கத்தையா? அப்பா எண்ணைக் காப்பாற்றினார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கடைசி வரை ஒன்று என்றே இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞரிடம் போனாலும், "உங்கப்பா ஃபிட்டா இருந்திருக்காரேம்மா" என்றுதான் சொல்வார்.

இனி, ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்பது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இதே நிலைதான் இருந்தது. அதை மாற்றத் தொடங்கியது அரசோ பல்கலைக்கழகமோ அல்ல, ஒரு முன்னாள் வீரர் சங்கம். 1970 இறுதியில் நியூயார்க்கில், அந்தப் போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் தங்கள் அமைப்பின் பெயரில் வாரந்தோறும் வட்டமாக உட்கார்ந்து, அங்கே பார்த்ததையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், கைம் ஷாடன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களை அவர்கள் அழைத்தது பாடம் நடத்துவதற்கு அல்ல, உடன் உட்கார்வதற்கு. அந்தப் பேச்சிலிருந்து ஷாடன் 1972இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். 1979இல் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடைத்தெருக்களில், முன்னாள் வீரர்களையே ஊழியர்களாகக் கொண்ட சிறு மையங்களை அரசு திறந்தது. 1980இல்தான் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய், என்ற பெயர், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஏறியது. அதன் பின்னர் நாடாளுமன்றம் ஆணையிட்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. போர் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆன நிலையிலும் வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் நூற்றுக்கு 15 பேர் அந்த நோயோடு வாழ்கிறார்கள் என்றும், வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் அதற்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 30 பேர் என்றும் 1988இல் தெரியவந்தது. வட்டமாகப் போட்ட நாற்காலிகள் முதலில், பெயர் பிறகு, எண்ணிக்கையும் பணமும் அதற்கும் பிறகு. இந்த வரிசையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். அவர்களுடைய அரசியலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

நாற்காலிகள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்பதற்காக நீங்கள் எத்தனை ஆண்டுகள் நின்றீர்கள் என்பதை நான் அறிவேன். எந்த அட்டவணையில் எந்தக் குரூப்புக்கு எத்தனை ரூபாய் குறைகிறது என்று, பத்தாவது படித்த ஹவில்தார்கள் தணிக்கையாளர்களையே திணற வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் வாழ்நாள் சான்று பதிவாகாமல் தவித்த என் அம்மாவுக்கு ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தவரும் உங்கள் உறுப்பினர்தான். இவ்வளவு திறமையும் பொறுமையும் உள்ள இடத்தில், கூட்ட அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால், ஓய்வூதியம், கேன்டீன், மருத்துவ பில், மனைப்பட்டா, கொடிநாள் என்று போகும் பொருள் நிரலில் இந்த ஒரு பொருள் ஒருமுறைகூட இடம்பெறவில்லை.

ஏன் இடம்பெறவில்லை என்பதும் ஓரளவு புரிகிறது. சிப்பாய் தன் வீட்டில் சொல்ல மாட்டார். மருத்துவரிடமும் சொல்ல மாட்டார். ஆனால் உடன் நின்றவரிடம் சொல்வார். 1999 ஜூனில், தொலைக்காட்சியில் கார்கில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், அப்பாவோடு இலங்கையில் இருந்த ஒருவர் மகளின் திருமணப் பத்திரிகை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மாலை வண்டிக்குத் திரும்ப வேண்டியவர், தங்கிவிட்டார். இருவரும் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மா வைத்த சாப்பாடு ஆறிப்போனது. வாங்கி வைத்திருந்த பாட்டிலையும் அன்று இருவரும் திறக்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக அவர்கள் பேசியதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது இவ்வளவுதான்: "நீயும் பாத்தியா?" என்று அப்பா கேட்டார். "பாத்தேன்" என்றார் அவர். பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. மறுநாள் அப்பா பகல் பன்னிரண்டு மணி வரை, கட்டிலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். என் நினைவில் அவர் அப்படித் தூங்கியது அந்த ஒரு நாள்தான். உழுத மண்ணின் கதையும் அந்த விருந்தினர் அம்மாவிடம் சொல்லிப் போனதுதான்.

இலங்கை சென்று வந்தவர்களுக்கு இந்த மௌனம் இரட்டிப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்கு வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் நடந்தவற்றை எண்ணி, அந்த முடிவு நியாயமானது என்று தமிழ்நாட்டில் பலர் கருதினார்கள், இன்றும் கருதுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. பள்ளியில் அதைக் கற்பிக்கும்போது இரு தரப்பையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் அங்கே போவதென்று முடிவெடுத்தவர் எந்தச் சிப்பாயும் அல்லர். அப்பாவிடம் டீக்கடையில் ஒருவர், "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்டிருக்கிறார். கார்கிலிலிருந்து வந்தவர்களுக்குப் பேருந்து நிலையத்தில் மாலை விழுந்தது; அவர்களிலும் உறங்காதவர்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய மனைவியர் எனக்குச் சொல்கிறார்கள். மாலை விழுந்தாலும் விழாவிட்டாலும் இரவு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஆனால் மாலை விழுந்தவர் அதைப் பற்றி வாய் திறக்க ஒரு வழியாவது இருக்கிறது.

எண்ணிக்கை எங்கே நின்றுபோகிறது என்பதையும் பாருங்கள். 2022இல் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விடையின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் 819 பேர். அவர்களில் 642 பேர் தரைப்படையினர். இது பணியில் இருந்தவர்களின் கணக்கு. ரெஜிமென்ட் சென்டரின் வாசலைத் தாண்டி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறியவர் பிறகு கிணற்றில் விழுந்தால் அது குடும்பத் தகராறு, கடன், குடி என்று உள்ளூர்க் காவல் நிலையத்துக் கணக்கில் சேர்கிறது. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 2001க்குப் பிந்தைய போர்களில் பணியில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057 பேர் என்றால், அந்தத் தலைமுறையினரில் தற்கொலை செய்துகொண்ட பணியாளர்களும் முன்னாள் வீரர்களும் 30,177 பேர் என்று மதிப்பிட்டது. வாசலுக்கு வெளியேயும் எண்ணியதால்தான் அந்த எண் அவர்களுக்குக் கிடைத்தது. நம் ஊர்களில் வாசலுக்கு வெளியே எண்ணக்கூடிய பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கிறது. யார் எந்தப் பணியிடத்தில் இருந்தார், எப்போது வந்தார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் உங்களில் மூத்தவர்களுக்கு வாய்மொழியாகவே தெரியும்; அதை எழுத்தில் கொண்டுவந்து, பெயரில்லாமல், மாவட்ட வாரியாகத் தொகுத்து, முன்னாள் படைவீரர் நலத்துறையின் முன் வையுங்கள். எதற்கும் எண் கேட்கும் அலுவலகங்களுக்கு எண்ணையே கொடுப்போம்.

பதிவேட்டுக்கு முன்பே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே காலத்தில் ஒரே இடத்தில் இருந்தவர்கள் உட்காருங்கள். இலங்கை சென்றவர்கள் ஒரு புறம், சியாச்சினிலும் காஷ்மீரிலும் இருந்தவர்கள் இன்னொரு புறம். தீர்மானம் போட வேண்டாம்; புகைப்படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடவும் வேண்டாம். யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்பதை மட்டும் ஒருவர் கவனித்தால் போதும். மருத்துவ உதவி தேவைப்படுபவரோடு பாலிகிளினிக் வரிசையில் சங்கத்தின் ஆள் ஒருவர் கூடப் போய் நின்றால், அந்த ஊழியர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதைக் கேன்டீன் அறிவிப்புப் பலகையில், மதுக் கோட்டா அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எல்லோரும் படிக்கும் இடம் அதுதான். மனைவியரைத் தனியே கூட்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த மருத்துவக் குழுவுக்கும் தெரியாது.

அக்னிவீரர்களைப் பற்றியும் இப்போதே யோசியுங்கள். 2022இல் வந்த, நான்கு ஆண்டுக்கு மட்டும் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நான்கு ஆண்டில் வெளியே வருவார்கள். திட்டத்தின் விதிகளின்படி அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பையன்கள் இருவர் இன்று எல்லையில் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு வருவதும் நீங்கள் பார்த்ததுதான். உங்கள் சங்க விதிகளில் உறுப்பினர் தகுதி பற்றிய பிரிவைத் திருத்துவதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1999இல் எங்கள் வேப்பமரத்தடியில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் நம் மாவட்டத்துக்காரர்தான். இலங்கை சென்று வந்த ஹவில்தார். உங்கள் பதிவேட்டில் இருக்கிறார். அப்பா இறந்தபோது வந்து, முற்றத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போனார். கடந்த ஓராண்டாக அவருடைய கைபேசி எடுக்கப்படுவதில்லை. அவருடைய மனைவி இறந்துவிட்டார் என்றும், பிள்ளைகள் வெளியூரில் என்றும் கேள்விப்பட்டேன். மூன்று ஆண்டுகளாகச் சந்தா செலுத்தாதவர்களின் பெயரை நீக்கப்போவதாக உங்கள் சுற்றறிக்கை ஒன்று சொல்கிறது. அந்தப் பட்டியலில் அவரும் இருப்பார். நான் போனால் கதவைத் திறந்து, "வாம்மா" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அவருடைய சந்தாவை இந்த மாதமே நான் செலுத்திவிடுகிறேன். பெயரை நீக்கும் முன், அந்த ஒன்றரை ஆண்டில் அங்கே இருந்தவர் உங்களில் யாராவது ஒருவர் அவர் வீடு வரை போய்வாருங்கள். மாலை வண்டிக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தாரின் மகள்,
வேலூர் மாவட்டம்.